ஆறடிக்கு மேல் உயரமா? அலுவலகம் போக சைக்கிள் வாங்கும் முன்

நெட்டையான ஒருவர் சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் கிடைக்கும் முதல் ஆறுதல், சீட்டை உயர்த்திக்கொள்ளலாம் என்பதுதான். உயர்த்தலாம், அதில் பொய் இல்லை. நீளமான சீட் கம்பி ஒன்றைப் போட்டால் பள்ளிப் பையனின் சைக்கிளில்கூட ஆறடி நான்கு அங்குல ஆள் காலை நீட்டி மிதித்துவிட முடியும். ஆனால் சீட் மேலே போகும்போது ஹேண்டில்பார் கூடவே வருவதில்லை. முதுகு வளைகிறது, உடல் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது, முன்னால் போகும் பஸ்ஸைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. கேட்டால், உயரமானவர்களுக்கு சைக்கிள் சரிப்படாது என்கிறார்கள்.

சரிப்படும். சீட்டின் உயரத்தைப் பார்த்து வாங்காமல் ஹேண்டில்பாரின் உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை தினமும் ஐந்து முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை போய்வர நினைக்கும், ஆறடிக்கு மேற்பட்ட, இதற்கு முன் அளவு பார்த்து சைக்கிள் வாங்கியிராத ஒருவருக்காக. பந்தய சைக்கிளுக்கும் மலைப்பாதைக்கும் கணக்கு வேறு.

கடைக்குப் போகும் முன் வீட்டில் எடுக்க வேண்டிய அளவு

உங்கள் மொத்த உயரம் ஓரளவுக்குத்தான் உதவும். ஆறடி மூன்று அங்குலம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கும். இருவருக்கும் ஒரே சைக்கிள் பொருந்தாது. அதனால் முதலில் கால் அளவு.

செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி போதும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை இரண்டு கால்களுக்கு நடுவே, அதன் ஒரு விளிம்பு சுவரைத் தொடும்படி நிறுத்தி, மேல்நோக்கி அழுத்துங்கள். கூச்சப்பட்டு மெதுவாக அழுத்தினால் அளவு குறைந்துவிடும்; சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு அழுத்த வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் இன்னொருவரை விட்டுப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை செ.மீ. என்பதே உங்கள் உள்கால் நீளம். தையற்காரர் பேண்ட்டுக்கு எடுத்த உள்கால் அளவு இதைவிடச் சில செ.மீ. குறைவாக இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். இரண்டு மூன்று முறை அளந்து பார்த்து, ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை 0.883 ஆல் பெருக்குங்கள். 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது. கிராங்க் அச்சின் (பெடல் தண்டுகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் பைப்பு (சீட் கம்பி செருகியிருக்கும் பிரேம் குழாய்) போகும் சாய்விலேயே அளந்தால் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. பந்தய வீரருக்கான கணக்கு ஆகையால், சாதாரண செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நமக்கு ஒரு செ.மீ. குறைத்துக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆறடி நான்கு அங்குலம், அதாவது 193 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு உள்கால் 92 செ.மீ. என்றால், பெருக்கினால் 81 வரும். ஒன்று குறைத்தால் 80. சீட் 80 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கடைக்குக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போக வேண்டிய முதல் எண் இதுதான். கட்டுரை முழுவதும் இவரையே துணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

நடுத்தர உயரக்காரருக்கு இல்லாத தொல்லை நமக்கு ஏன்?

இந்தியாவில் ஆண்களின் சராசரி உயரம் 165 செ.மீ.யை ஒட்டியது. கடையில் நிற்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்த உயரத்தை மனத்தில் வைத்தே வரவழைக்கப்படுகின்றன. உள்கால் 76 செ.மீ. உள்ள அப்படிப்பட்ட ஒருவருக்கு சீட் 66 செ.மீ.யில் இருந்தால் போதும். சீட் பைப்பு சாய்ந்திருப்பதால் செங்குத்தாகப் பார்த்தால் கிராங்க் அச்சுக்கு மேலே சீட் 63 செ.மீ.யில்தான் இருக்கும். அவர் வாங்கும் நடுத்தர அளவு சைக்கிளில் ஹேண்டில்பார் ஏறக்குறைய 66 செ.மீ.யில் நிற்கும். சீட்டைவிட ஹேண்டில்பார் மூன்று செ.மீ. மேலே. நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம்.

நம் ஆறடி நான்கு அங்குலக்காரருக்கு சீட் செங்குத்தாக 76 செ.மீ.க்கும் மேலே போகிறது. கடையில் இருப்பதிலேயே பெரியது என்று எடுத்துத் தரும் ‘எல்’ அளவு சைக்கிளில் ஹேண்டில்பார் 68 செ.மீ. அளவில் இருக்கும். இப்போது ஹேண்டில்பார் சீட்டைவிட எட்டு செ.மீ. கீழே. அதே மாடல், அதே நிறம், கடைக்காரர் சொல்லும் அதே ‘கம்ஃபர்ட்’ சைக்கிள். ஒருவருக்கு அது நாற்காலி, மற்றவருக்குப் பந்தய வண்டி.

இன்னொரு தொல்லை வெளியில் தெரியாது. சீட் கம்பி நேர் மேலே போவதில்லை, பின்னோக்கிச் சாய்ந்து போகிறது. இன்றைய சைக்கிள்களில் அந்தச் சாய்வு பெரும்பாலும் 73 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். பத்து செ.மீ. உயர்த்தினால் சீட் மூன்று செ.மீ. பின்னால் போய்விடும். நம் நண்பர் நடுத்தர உயரக்காரரைவிட நான்கு செ.மீ. பின்தள்ளி, கிட்டத்தட்ட பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். பின்சக்கரத்து ஸ்போக் அடிக்கடி முறிவதும், மேம்பாலம் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி அலைவதும், முழங்காலுக்கு முன்னால் பெடல் எங்கோ தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றுவதும் இதனால்தான்.

இந்த இரண்டையும் சரிக்கட்டும் சைக்கிள் எதுவோ அதுவே நமக்கான சைக்கிள்.

24 இஞ்சு என்று கேட்கும்போது கவனம்

கடையில் ‘24 இஞ்சு’ என்று கேட்டால் இரண்டு வேறு சைக்கிள்கள் வரலாம். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய, பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய அந்தப் பெரிய கறுப்பு சைக்கிளில் 22, 24 என்பது பிரேமின் உயரம். அதன் சக்கரம் எப்போதும் 28 இஞ்சு. கியர் வைத்த நவீன சைக்கிள்களிலும் சிறுவர் சைக்கிள்களிலும் 20, 24, 26 என்பது சக்கரத்தின் அளவு. அதனால் 24 என்பது ஒரு பக்கம் ஆறடி ஆளுக்கான பிரேம், மறுபக்கம் பத்து வயதுப் பையனுக்கான சக்கரம். தொலைபேசியில் கேட்டுவிட்டு நேரில் போகிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்பது நல்லது. சக்கர அளவுக்கும் உங்கள் உயரத்துக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ‘29 இஞ்சு’ சைக்கிள் என்றால் உயரமானவருக்கு என்று விற்பார்கள். அதிலேயே சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரேம்கள் உண்டு.

இப்போது அந்தக் கறுப்பு சைக்கிளைப் பற்றி. உள்கால் நீளத்தை 0.66 ஆல் பெருக்கினால் பழைய பாணி பிரேமின் உயரம் கிடைக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 92 செ.மீ. உள்காலுக்கு 61 செ.மீ. வருகிறது. 24 இஞ்சு என்பது சரியாக அந்த 61 செ.மீ.தான். ஆக நம் ஊரில் பல பத்தாண்டுகளாக நெட்டையானவர்களுக்கு ஏற்ற ஒரு சைக்கிள் இருந்துகொண்டே இருக்கிறது. சென்னை அம்பத்தூரில் 1949 முதல் இயங்கிவரும் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸும் லூதியானாவின் ஹீரோவும் இந்த வகையில்தான் பேர் வாங்கின. நிமிர்ந்த இருக்கை, உங்களை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார், முழுச் செயின் கவர், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கூடவே வந்துவிடும். பின்சக்கரத்தில் 40 ஸ்போக். டயர் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்.

குறைகளும் சின்னவை அல்ல. எடை 20 கிலோவைத் தொடும், கியர் இல்லை. கம்பி பிரேக் இரும்பு ரிம்மைப் பிடிக்கும் அமைப்பு மழையில் ஏறக்குறைய செயலிழந்துவிடும். 90 கிலோ ஆள் ஈரச் சாலையில் அதை நம்பி இறக்கத்தில் இறங்கக் கூடாது. சீட் பைப்பு நவீன சைக்கிளைவிட அதிகம் சாய்ந்திருப்பதால் நான் மேலே சொன்ன பின்தள்ளல் இன்னும் கூடும். ஆனால் ஹேண்டில்பார் அருகில் வந்துவிடுவதால் முதுகுக்கு அது தொல்லையாக இருப்பதில்லை, சக்கரத்துக்குத்தான் பாரம். என் கருத்தைக் கேட்டால், சமதளமான ஊரில் ஆறு ஏழு கிலோமீட்டருக்குள் அலுவலகம் இருந்து, வீடும் தரைத்தளத்தில் இருந்தால், 24 இஞ்சு பிரேமை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் இது பொருந்தும், குன்னூருக்குப் பொருந்தாது. ஒரு சங்கடம்: கடைகளில் 22 இஞ்சுதான் தயாராக நிற்கும், 24 இஞ்சைச் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

ஆண்களின் சராசரி உயரமே 183 செ.மீ. அளவில் இருக்கும் நெதர்லாந்தில் இதே குடும்பத்து சைக்கிள்தான் இன்றும் அலுவலக வாகனம். அங்கே 61 செ.மீ.யும் 65 செ.மீ.யும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிரேம்கள். கம்பி பிரேக்கின் இடத்தில் சக்கர அச்சுக்குள் மறைந்த பிரேக்கும் கியரும் வந்துவிட்டன, உட்காரும் விதம் மட்டும் மாறவில்லை. கூடைப்பந்து வீரர்களின் உயரத்துக்கென்று அமெரிக்காவில் டர்ட்டிசிக்ஸர் என்ற நிறுவனம் 36 இஞ்சு சக்கரத்தில் சைக்கிள் செய்கிறது. ஷகீல் ஓநீல் ஓட்டியது அதைத்தான். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கியர் சைக்கிள் என்றால் எந்த அளவு

மேம்பாலம், நீண்ட தூரம், எதிர்க்காற்று என்று காரணங்கள் இருந்தால் ‘ஹைப்ரிட்’ வகைக்கு வாருங்கள். 700சி சக்கரம், நேர் ஹேண்டில்பார், ஏழு முதல் இருபத்துநான்கு கியர் வரை வைத்து வரும் வகை இது. இதில் ‘எக்ஸ்எல்’ அளவு உள்ள மாடல்களை மட்டும் பாருங்கள். ஆறடிக்கு ‘எல்’ போதும். ஆறடி இரண்டு அங்குலத்திலிருந்து ‘எக்ஸ்எல்’ பக்கம் நகர வேண்டும். ‘எல்’ மட்டுமே கையிருப்பில் இருக்கும் கடையில் அதுவே உங்களுக்குப் பொருந்தும் என்று சத்தியம் செய்வார்கள். இரண்டு மூன்று வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை, சரியான அளவை வரவழைக்கச் சொல்லுங்கள். தள்ளுபடி கிடைக்கிறது என்று சிறிய பிரேமை எடுப்பதைவிடத் தள்ளுபடி இல்லாமல் பெரிய பிரேமை எடுப்பது மேல்.

ஒரு நிறுவனத்தின் ‘எக்ஸ்எல்’ இன்னொரு நிறுவனத்தின் ‘எல்’ அளவே இருக்கக்கூடும். எழுத்தை நம்பாமல் நிறுவனத்தின் இணையதளத்தில் அளவுப் பட்டியலைத் திறந்து ‘ஸ்டாக்’ என்ற எண்ணைப் பாருங்கள். கிராங்க் அச்சிலிருந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் பைப்பின் உச்சி வரை செங்குத்து உயரம் எத்தனை என்பதே அது. ஸ்டெம் (அந்தப் பைப்பின் உச்சியில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு), அதன் கீழே போடும் வளையங்கள் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் ஏறக்குறைய ஏழு செ.மீ. கிடைக்கும். நம் நண்பருக்கு சீட் செங்குத்தாக 76 செ.மீ.யில். ஸ்டாக் 65 என்றால் ஹேண்டில்பார் 72-க்கு வரும், நான்கு செ.மீ. குறைகிறது. மூன்று செ.மீ. மேல்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் ஒன்றை மாற்றிப் போட்டால் ஏறக்குறைய சமமாகிவிடும். ஸ்டாக் 61 என்றால் எதை மாற்றினாலும் இழுபறிதான். எனவே பட்டியலில் விலையைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். 190 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவர்கள் 64-க்குக் கீழ் உள்ள பிரேமைத் தொடாமல் இருப்பது நல்லது.

உடம்பும் கையும் நீளமானவர்கள் அதே பட்டியலில் ‘ரீச்’ என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். கிராங்க் அச்சிலிருந்து முன்னோக்கி, ஹேண்டில்பாரைத் தாங்கும் பைப்பின் உச்சி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது அது. கால் நீளமாக இருப்பவர்களுக்கு இதில் பெரிய தொல்லை வராது.

முன்னால் ஷாக் வைத்த போர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) வேண்டுமா? விலை குறைந்த சைக்கிளில் அது எடையைக் கூட்டுவதோடு சரி, இரண்டு மழைக்காலத்தில் இறுகியும் போகும். தடிமனான டயர் அந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யும். ஆனாலும் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும்: ஷாக் போர்க் நீளமாக இருப்பதால் அதை வைத்த பிரேம்களில் ஸ்டாக் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். உயரத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பவரை நான் தடுக்க மாட்டேன்.

கடையில் நின்று செய்ய வேண்டியவை

இஞ்சு டேப் ஒன்றும் 4, 5, 6 மி.மீ. ஆலன் கீயும் கையோடு கொண்டு போங்கள். கடையில் எல்லாம் இருக்கும். ஆனால் தேடி எடுத்துவரப் பையனை அனுப்பிவிட்டு நிற்கும்போது பாதி சோதனை கைவிடப்பட்டுவிடும்.

சீட்டை நீங்கள் குறித்து வந்த உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். கிராங்க் அச்சின் நடுவில் டேப்பை வைத்து சீட் பைப்போடு சாய்வாக மேலே கொண்டு போய் நீங்களே அளந்து பாருங்கள். இப்போது சீட் கம்பியைக் கவனியுங்கள். அதில் கோடுகளாகவோ எழுத்தாகவோ ஒரு எல்லை பொறித்திருக்கும். அந்தக் கோடு பைப்புக்கு வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் கம்பி போதவில்லை என்று பொருள். அப்படியே ஓட்டினால் கம்பி வளையும், அல்லது பிரேம் அந்த இடத்தில் விரிசல் விடும். நம் நண்பரின் 80 செ.மீ.க்கு, சீட் பைப்பு 52 செ.மீ. உள்ள பிரேமில், சீட்டின் தடிமனைக் கழித்தால் 23 செ.மீ. கம்பி வெளியே நிற்கும். உள்ளே பத்து செ.மீ. வேண்டும். ஆக 350 மி.மீ. கம்பி போதும். 48 செ.மீ. பைப்பு என்றால் 400 மி.மீ. கம்பி வாங்க வேண்டும். வாங்கும்போது நீளத்தோடு விட்டமும் சரியாக இருக்க வேண்டும். 27.2, 30.9, 31.6 என்று பல விட்டங்கள் உண்டு. பழைய கம்பியை உருவிப் பார்த்தால் கீழ்ப்பகுதியில் பொறித்திருக்கும். அரை மி.மீ. வித்தியாசத்தைத் தகரத் துண்டு செருகிச் சமாளிக்கும் கடைகள் இருக்கின்றன. உங்கள் எடைக்கு அது வேண்டாம்.

அடுத்து, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளுங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். புதியவர்களுக்கு இந்த உயரத்தில் பயமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு காலும் தரையில் ஊன்றாது. ஊன்ற வேண்டியதும் இல்லை. சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, பிரேமின் மேல் பாருக்கு இரு பக்கமும் கால் வைத்து நிற்பதுதான் வழக்கம். உட்கார்ந்தபடியே ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கிக்கொள்பவர்களின் முழங்கால் ஒரு மாதத்தில் பதில் சொல்லும்.

அப்படிப் பாருக்கு மேல் நிற்கும்போது, பாருக்கும் உங்களுக்கும் இடையே மூன்று நான்கு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும்.

இப்போது ஹேண்டில்பார். ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் போட்டிருந்தால் அவற்றை எல்லாம் ஸ்டெம்முக்குக் கீழே மாற்றச் சொல்லுங்கள். அதிலேயே இரண்டு மூன்று செ.மீ. உயரும். போர்க்கின் பைப்பு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அழகுக்கு அறுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது. மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம், உயர்த்தும் இணைப்புத் துண்டு, வளைந்த ஹேண்டில்பார் ஆகிய மூன்றில் ஒன்றோ இரண்டோ போட்டால் மீதிக் குறை தீரும். உயர்த்தும் துண்டு ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்தும் விடும். உடம்பு நீளமானவர்கள் அதற்கேற்ப ஸ்டெம்மை நீளமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பார் உயரும்போது பிரேக், கியர் கேபிள்கள் நீளம் போதாமல் விறைக்கும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு, இழுத்தால் புதிய கேபிள் போடச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால், முதல் ‘யு’ திருப்பத்தில் பிரேக் தானாகப் பிடிக்கும்.

சீட்டை அதன் தண்டவாளத்தில் முன்னோக்கித் தள்ளி வைப்பது பின்தள்ளலை ஓரளவு சரிசெய்யும். பின்பக்கம் வளையாத நேரான சீட் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் ஒரு வட்டம் போதாது. தெருமுனை வரை போய், ஒரு வேகத்தடை ஏறி இறங்கி, ஒரு குறுகிய திருப்பம் எடுத்து வாருங்கள். திருப்பத்தில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் பிரேம் சிறியது, பேச்சே இல்லை. ஷூ நுனி முன் மட்கார்டில் உரசினாலோ குதிகால் பின்னால் தொங்கும் பையில் இடித்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 12, 13 நம்பர் ஷூ போடுபவர்களுக்கு இது நித்தியத் தொல்லை. பையைக் கேரியரில் நன்றாகப் பின்தள்ளி மாட்ட இடம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

சக்கரமும் பாரமும்

உயரமானவர் ஒல்லியாக இருந்தாலும் 80, 90 கிலோ வந்துவிடுகிறது. மடிக்கணினி, சாப்பாட்டுப் பை, பூட்டு எல்லாம் சேர்ந்தால் நூறு. சைக்கிளோடு தரும் கையேட்டில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அது ஓட்டுபவர் எடையா, சைக்கிளும் சுமையும் சேர்ந்த எடையா என்று கவனித்துப் படியுங்கள்.

பின்சக்கரத்தில் 36 ஸ்போக் இருந்தால் நிம்மதி. 32 இருந்தால் சமாளிக்கலாம். அதற்கும் குறைவாக, பார்க்க அழகாக இருக்கும் சக்கரத்தை நம்மைவிட லேசானவர்களுக்கு விட்டுவிடுவோம். டயரின் பக்கவாட்டில் 40-622 போன்ற ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம் மி.மீ. கணக்கில், இரண்டாவது ரிம்மின் விட்டம். முதல் எண் 38-க்குக் குறையாமல் பாருங்கள். அகல டயர் வைத்தால் காற்றைக் கல்லாக அடிக்க வேண்டியதில்லை, பள்ளமும் முதுகுக்கு ஏறாது. டயரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே, முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பின்னால் குவிந்திருக்கும் பாரத்தைக் கேரியர் இன்னும் பின்னால் இழுக்கும். முன்பக்கம் சின்னக் கூடை ஒன்று மாட்டி மடிக்கணினியைத் தவிர மற்றதை அதில் போட்டால் சைக்கிளின் நடத்தையே மாறும்.

பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்க் பிரேக் உள்ளதை எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் ஓட்டினால் காரணம் புரிந்துவிடும்.

அதிகம் கவலைப்பட வேண்டாதவை

கிராங்க் நீளம் பற்றி உயரமானவர்களிடையே முடிவில்லாத விவாதம் உண்டு. உள்கால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கணக்குப்படி நம் நண்பருக்கு 185 மி.மீ.க்கு மேல் வேண்டும். கடையில் கிடைப்பது 170, அல்லது 175. நீண்ட கிராங்க் போட்டால் திருப்பத்தில் பெடல் தரையில் இடிக்கும், அதற்கென்றே பிரேமும் உயர வேண்டும். 175 கிடைத்தால் எடுத்துக்கொண்டு மறந்துவிடுங்கள். அகலமான பெடல் போடுவது அதைவிடப் பயன் தரும்.

சீட் உங்கள் உயரத்தைப் பொறுத்ததல்ல, உட்காரும் எலும்புகளின் அகலத்தைப் பொறுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் ஏற்றது. முன்சாய்ந்து ஓட்டுபவருக்கு ஒடுக்கமானது. கைவைத்தால் புதையும் பஞ்சு சீட் கடையில் சுகமாகவும் எட்டாவது கிலோமீட்டரில் நரகமாகவும் இருக்கும்.

உயரமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. பார் இல்லாத, கால் எடுத்து வைத்து ஏறும் பிரேம்கள் நம் கடைகளில் சிறிய அளவிலேயே வருகின்றன. ஐந்தடி பத்து அங்குலத்துக்கு மேல் இருந்தால், பார் நன்கு சரிந்து இறங்கும் ஹைப்ரிட் பிரேமில் ‘எல்’ அளவைத் தேடுவதே நடக்கிற காரியம். சுடிதார் துப்பட்டாவுக்கும் புடவைக்கும் செயின் கவரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கியர் சைக்கிள்களில் அது தானாக வராது.

வாங்கிய பிறகு முதல் சில வாரம்

புதுச் சக்கரத்தின் ஸ்போக்குகள் உங்கள் எடைக்குப் பழகித் தளரும். மூன்று நான்கு வாரம் ஓட்டிய பிறகு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து ஸ்போக்கை இறுக்கித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகள் முதல் சர்வீஸை இலவசமாகவே செய்கின்றன, ஆனால் இதைத் தனியாகச் சொன்னால்தான் செய்வார்கள். இதைச் செய்யாமல் விட்ட சக்கரத்தில்தான் ஆறாவது மாதம் ஸ்போக் முறிய ஆரம்பிக்கும்.

உடம்பு சொல்வதைக் கேட்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் இழுத்தால் உயர்ந்திருக்கிறது. உள்ளங்கை மரத்தால் ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கலாம், அல்லது சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கலாம். அரை செ.மீ. அளவுக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததும் சீட் கம்பி பைப்புக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி வையுங்கள். சைக்கிளை எப்போது சர்வீஸுக்கு விட்டாலும், மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பதற்காக சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத்தான் திருப்பித் தருவார். அந்த டேப் இருந்தால் ஆலன் கீயை எடுத்து, கோட்டுக்குக் கோடு சேர்த்து, கடை வாசலிலேயே சரிசெய்துகொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம்.